ஆகாயக் கப்பல்கள் வந்த அன்று

என் தகரப் பெட்டியில் ஒரு காகிதத் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால் வெளியே தெரியாது. ஒரு பக்கத்தில் அரை விரல் அகலத்துக்குக் கருப்புக் கரை. மற்ற மூன்று பக்கமும் கையால் கிழித்த ஓரம். நடுவில் ஊதா மையில் சாய்வான ஆங்கில எழுத்து. மழைத் தண்ணீர் பட்டு ஒரு மூலையில் மை பரவியிருக்கிறது. அதில் உள்ளதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘ஆகாயக் கப்பல்கள் வந்த அன்று உங்கள் மகள்’. அதற்கு மேல் காகிதம் இல்லை.

நான் பதுளைக் கடைத் தெருவில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறவன். அதற்கு முன்பு நமுனுகுல மலைச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராக இருந்தேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேசவேண்டி வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். இந்த வாரம் கடைக்கு வந்த பத்திரிகையில், ஒரு ஆகாயக் கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டு உலகத்தையே சுற்றி வந்துவிட்டது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தச் சொல்லை அவ்வளவு சாதாரணமாக, சிரித்த முகத்தோடு, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மாறிப் போவதைக் கேட்டு வெகு காலம் ஆகிவிட்டது. எங்கள் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஒரு நாள் அந்தச் சொல் பிறந்தது. சில காலம் ஓடி விளையாடியது. பிறகு ஒரு மழை நாளில் செத்துப்போனது. அதைச் சொல்லவேண்டுமானால் தப்பால்காரரைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தப்பால்காரர் இருப்பார். காலையில் தோட்டத்துக் கடிதங்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு நடக்கவேண்டும். அங்கே வந்திருக்கும் கடிதங்களை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் ஆபீசுக்குத் திரும்பவேண்டும். எங்கள் தப்பால்காரர் பசறைக்குப் போய்வருவார். தடித்த தோல் பை, பித்தளைப் பூட்டு. ஒரு சாவி கந்தோரில், இன்னொன்று எங்கள் ஆபீசில். நடுவழியில் யாரும் திறக்க முடியாது. பையைக் கீழே வைக்கக் கூடாது என்பது அவருக்கு முன்னொரு காலத்தில் தோட்டத்தை நடத்திய யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை போட்ட உத்தரவு. அந்தத் துரை போய்ப் பல துரைமார் மாறிய பிறகும் அவர் அதை விடவில்லை. மழைக்கு ஒதுங்கினாலும், வெற்றிலை மடித்தாலும், பை இடது தோளிலேயே இருக்கும். அந்தத் தோள் மற்றதைவிடத் தாழ்ந்து போயிருந்தது. எழுத்து வாசனை கிடையாது. ஆனால் உறையைப் பார்த்தே இது கொழும்பிலிருந்து, இது சீமையிலிருந்து, இது ஊரிலிருந்து என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகள். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் புருஷன் காய்ச்சலில் போய்விட, அப்பனிடமே திரும்பி வந்தவள். துரை பங்களாவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தாள். சின்னத் துரை என்று எல்லாரும் கூப்பிடும் இரண்டு வயதுப் பையன் அவள் இடுப்பைவிட்டு இறங்கமாட்டான். யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய மாசியில் துரையும் துரைசாணியும் லீவில் சீமைக்குப் போனபோது, ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அவளையும் கூட்டிப் போனார்கள். அவர்கள் வண்டி புறப்பட்ட நேரத்தில் தப்பால்காரர் வழக்கம்போலப் பசறைப் பாதையில் நடந்துகொண்டிருந்தார். வண்டி அவரைத் தாண்டிப் போனபோது மகள் தலையை வெளியே நீட்டி, “அப்பா, கருவாட்டுப் பொடி டப்பாவ மறந்து வச்சுட்டேன், நீங்களே தின்னுருங்க” என்று கத்தினாளாம். இவர் வலது கையை மட்டும் தூக்கினாராம். “ரெண்டு கையாலயும் கும்பிட்டு அனுப்பிச்சிருக்கணும்ங்க. பை இருந்துச்சு” என்று பின்னால் என்னிடம் பலமுறை சொன்னார்.

ஆறு மாதம் முடியும்போது யுத்தம் வந்துவிட்டது. துரை அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். துரைசாணி பிள்ளைகளோடும் ஆயாவோடும் லண்டனில் ஒரு வீட்டில் தங்கிவிட்டார் என்று கடிதம் வந்தது. துரைசாணி நல்ல மனுஷி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தப்பால்காரருக்கென்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவார். ஊதா மை, வெள்ளைக் காகிதம். உங்கள் மகள் நலம், குளிருக்குக் கம்பளிச் சட்டை கொடுத்திருக்கிறேன், அரிசி கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறாள், இப்படி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் அதைப் படித்துச் சொல்வேன். அவர் பையைத் தோளில் போட்டபடியே கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கித் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு போவார்.

அந்த நாட்களில்தான் ஆகாயக் கப்பல் என்ற சொல் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. கணக்கப்பிள்ளைக்கு மதராசிலிருந்து ஒரு பத்திரிகை வரும். வந்து சேர்வதற்குள் செய்தி பழசாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில், மற்ற நாள் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் உட்கார்ந்து அவர் அதை உரக்கப் படிப்பார். முன்பெல்லாம் ஆகாய விமானம் என்று போட்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மன்காரனிடம் ஆகாயக் கப்பல்கள் இருக்கின்றன என்று இருந்தது. கணக்கப்பிள்ளை அந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படித்தார்.

“கப்பலா? வானத்துலயா?” என்று கேட்டாள் ஒரு கொழுந்துக்காரி. “தூத்துக்குடியில ஏறுன கப்பலே எனக்குக் கொடலப் பொரட்டி எடுத்துருச்சு. இதுல அந்தரத்துல வேற போனா, எடுக்குற வாந்தி யாரு தலையில விழுறது?”

“ஒன் மாமியா நிக்கிற எடமாப் பாத்து எடு” என்றான் அவள் புருஷன்.

“மாமியா யாரு, ஒன்னப் பெத்தவதானே. நீ சொன்னேன்னு சொல்லிட்டே எடுக்குறேன்.”

களமே சிரித்தது. தப்பால்காரரும் சிரித்தார். அவர் சிரிப்பதை நான் பார்த்த நாட்களில் அது ஒன்று.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு லயத்தில் ஓய்வே இல்லை. பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களைக் கணக்கப்பிள்ளை, “என்ன, ஆகாயக் கப்பலுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்களா? நடந்து வந்திருந்தா எப்பவோ வந்திருக்கலாமே” என்று கேட்பார். நமுனுகுல உச்சியில் மேகம் நீட்டுவாக்கில் வந்து படுத்தால், கப்பல் கட்டியிருக்கிறது, இன்றைக்கு மழைதான் என்பார்கள். எட்டு மாதக் கர்ப்பத்தோடு கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி மலையேறினால், “ஆகாயக் கப்பல் வருது, வழி விடுங்கடி” என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்று கேலி செய்வார்கள். அவளும் வயிற்றைத் தடவிக்கொண்டு, “சரக்கு எறக்க இன்னும் நாளிருக்கு” என்பாள். யாரும் பார்த்திராத ஒரு பொருளின் பெயர் இவ்வளவு சுலபமாக ஆட்களோடு ஒட்டிக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் அதைப் பற்றிப் பெரிய கிளாக்கரிடம் ஒரு தடவை கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர். சிறகு வைத்துப் பறப்பது விமானம், பெரிய பையில் வாயுவை அடைத்து, தண்ணீரில் கப்பல் மிதப்பதுபோலக் காற்றில் மிதப்பது ஆகாயக் கப்பல், அதனால்தான் ஆங்கிலத்திலும் அதைக் கப்பல் என்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே தமிழாக்கிவிட்டார்கள் என்றார். துரையின் ஆங்கிலப் பத்திரிகையில் இருந்த படத்தையும் காட்டினார். முற்றிய சுரைக்காயைக் கிடத்தினதுபோல இருந்தது. அதற்கு டிரிஜிபிள் என்று இன்னொரு பெயரும் உண்டு என்றார். திருப்பக் கூடியது என்று அர்த்தமாம். அதற்கு முன்னால் இருந்த பலூன்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போய்விடும். மனுஷன் நினைத்த திசைக்குத் திருப்ப முடிகிற ஒன்றைச் செய்தபோது, அந்தத் திருப்புதலையே பெயராக வைத்துவிட்டார்கள். நானும் பலூன் ஜாதிதான் என்று அன்றைக்கு விளையாட்டாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில், லண்டன் நகரத்தின் மேல் ஆகாயக் கப்பல்கள் வந்து குண்டு போட்டன என்று கணக்கப்பிள்ளை படித்தார். அன்று சிரிப்பு குறைவாகத்தான் இருந்தது. மறுநாள் பையை வாங்க வந்த தப்பால்காரர் ஆபீஸ் படியில் நின்றார்.

“லண்டன்னு சொன்னாரே, அது எம் மக இருக்க ஊருதானுங்களே?”

“ஆமா.”

“பெரிய ஊருதானுங்களே?”

“ரொம்பப் பெருசு.”

“பதுளையவிடவா?”

“பதுளை மாதிரி நூறு இருக்கும்.”

“அப்ப அம்புட்டுப் பெரிய ஊருல எம் புள்ளயத் தேடிப் புடிச்சா போடப்போறான்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கருப்புக் கரை போட்ட கடிதம் வந்தது கார்த்திகையில். மத்தியானத்துக்கு மேல் மூன்று மணி இருக்கும். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆபீசுக்குப் பக்கத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கூடைகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள், கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். பெரிய கிளாக்கர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். நான் பையைத் திறந்து கடிதங்களைப் பிரித்து அடுக்கினேன். நடுவில் அது இருந்தது. ஊதா மை, துரைசாணியின் கையெழுத்து, உறையைச் சுற்றிலும் கருப்புக் கரை. தப்பால்காரர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவருக்குத் தெரியாமல் மறைக்க வழியில்லை.

நம்மவர்களிடம் சாவுக் கடிதத்துக்கு ஒரு முறை இருக்கிறது. ஓரத்தில் கருப்பைப் பார்த்துவிட்டால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்றே படிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே கிழித்து எறிந்துவிட்டுத் தலைமுழுகவேண்டும். வைத்திருந்தால் அது இன்னொரு சாவைக் கூட்டிவரும் என்று பயம். வெள்ளைக்காரர் முறை வேறு. அவர்கள் வீட்டில் ஒருவர் இறந்துபோனால், அதன்பிறகு பல மாதம் அவர்கள் யாருக்கு எதைப் பற்றி எழுதினாலும் அந்தக் கருப்புக் கரைக் காகிதத்தில்தான் எழுதுவார்கள். உர மூட்டையைப் பற்றியும் குதிரைக்கு நொண்டி வந்ததைப் பற்றியும் அப்படிப்பட்ட காகிதத்தில் துரைக்குக் கடிதம் வந்ததை நானே பார்த்து அடுக்கி வைத்திருக்கிறேன். எனக்கு அது தெரியும். அந்த இடத்தில் நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உறையைப் பிரித்தேன். உள்ளே மூன்று தாள்கள், மூன்றிலும் கரை. சாவைச் சொல்ல மூன்று தாள் எதற்கு என்று தோன்றியது. துரைசாணியின் எழுத்து எனக்கு எப்போதும் மெதுவாகத்தான் பிடிபடும். முதல் வரியில் கண்ணை வைத்தபோதே கொட்டகையில் ஒருத்தி, “அய்யோ, கருப்புக் கடுதாசி” என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். கணக்கப்பிள்ளை வந்தார். அவர் பேசினால் தோட்டத்தில் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

“என்ன கிளாக்கரய்யா, அத இன்னும் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அதுல படிக்க என்ன இருக்கு? ஓரத்தப் பாத்தாத் தெரியல?”

பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள். தப்பால்காரர் அழவில்லை. வலது கையை நீட்டினார். “குடுங்க அய்யா.”

பொறுங்க என்று ஒரு சொல். அது என் தொண்டை வரை வந்தது. இருபது முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிதத்தை உறையோடு அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதை நெடுக்காகக் கிழித்தார், குறுக்காகக் கிழித்தார், மறுபடியும் சேர்த்து வைத்துக் கிழித்தார். ஆபீஸ் வாசலை ஒட்டி ஓடும் காவாயில் போட்டார். மழைத் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு போனது. பிறகுதான் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதும் காலியான பை தோளில்தான் இருந்தது.

அவரை லயத்துக்குக் கூட்டிப்போன பிறகு நான் காவாய் ஓரமாகவே நடந்தேன். மதகு வரைக்கும் போய்விட்டேன். ஒரே ஒரு துண்டு தேயிலைச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் ஓடையில் சேர்ந்துவிட்டது. அதை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ‘ஆகாயக் கப்பல்கள் வந்த அன்று உங்கள் மகள்’. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

ஆகாயக் கப்பல் கொண்டுபோய்விட்டது என்று தோட்டம் முழுக்கச் சொன்னார்கள். யாரும் அதைக் கடிதத்தில் படிக்கவில்லை. நானும் அந்தத் துண்டை அப்போது யாருக்கும் காட்டவில்லை. லண்டன், குண்டு, கருப்புக் கரை, அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பதினாறாம் நாள் ஓடைக்கரையில் ஒரு கல்லை நட்டு, அதையே மகளாக வைத்து, தண்ணீர் ஊற்றிக் கருமாதி செய்தார்கள். கடிதத்தை அடித்துக்கொண்டு போன அதே ஓடை. அதற்குப் பிறகு பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களைக் கணக்கப்பிள்ளை வேறு வார்த்தை சொல்லித் திட்டினார். நமுனுகுல உச்சியில் மேகம் வந்து படுத்தால் மேகம் என்றே சொன்னார்கள். கர்ப்பிணிகளை யாரும் கேலி செய்யவில்லை. பத்திரிகையில் அந்தச் சொல் வந்தால் கணக்கப்பிள்ளை ஒரு கணம் நின்று, “அது” என்று மட்டும் சொல்லி மேலே படிப்பார். எல்லாருக்கும் புரியும்.

தை மாதத்தில் பெரிய கிளாக்கர் ஒரு செய்தி சொன்னார். லீவில் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்த பழைய துரை புரட்டாசியிலேயே போர்க்களத்தில் இறந்துவிட்டாராம். புதுத் துரைக்கு இப்போதுதான் தெரிந்ததாம். துரைசாணி யாருக்காகக் கருப்புக் காகிதம் எடுத்தார் என்று அப்போது தெரிந்தது. மறுநாள் காலை தப்பால்காரர் புறப்பட்டபோது நானும் கூடவே நடந்தேன். லயத்தில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாதையில் அவர் நிற்கமாட்டார், அதனால் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

“அந்தக் கருப்பு உங்க மகளுக்காக இல்லாமயும் இருக்கலாம்” என்றேன். “பழைய துரை செத்துட்டாராம். வீட்டுல ஒரு சாவு விழுந்தா அவங்க எல்லாக் கடுதாசிக்கும் அப்படித்தான் கருப்புப் போடுவாங்க.”

இருபது அடி போனோம்.

“தொரை செத்தது அய்யாவுக்கு எப்பத் தெரியும்?”

“நேத்துதான்.”

“கருப்புப் போடுற வழக்கம்?”

நான் பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பாதை வளைவு வந்தது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். என்னை ஒரு அடி அடித்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன். “பை கனக்குதுங்க” என்றார். அன்று பையில் நாலைந்து கடிதங்கள்தான் இருந்தன.

நான் அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னேன். படித்தும் சொன்னேன். அவர் அப்போதும் நிற்கவில்லை. “கருமாதி பண்ணியாச்சுங்களே” என்றார். “நாளைக்கு அவ வந்து நின்னா நான் என்ன சொல்லிக் கூப்பிடுறது? ஒனக்குத் தண்ணி ஊத்தியாச்சும்மான்னா?” துண்டை அவரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “சாவுக் கடுதாசியா இருந்தா எங்க வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. அய்யாகிட்டயே இருக்கட்டும்.”

பெரிய கிளாக்கர் மனமிரங்கி, துரைசாணியின் பழைய லண்டன் விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்து மாதம் கழித்து அது மேலெல்லாம் முத்திரையும் கிறுக்கலுமாகத் திரும்பி வந்தது. அந்த வீட்டில் இப்போது அவர்கள் இல்லை என்றார் பெரிய கிளாக்கர். புது விலாசம் அந்த மூன்று தாள்களில் முதல் தாளின் தலையில் இருந்திருக்கும். முதல் வரியில் நான் கண்ணை வைத்தபோது அதற்கு மேலே அது இருந்திருக்கும். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. புதுத் துரையிடம் அந்த விலாசத்தைப் பற்றிக் கேட்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. யுத்தம் முடியட்டும் என்றார் அவர். யுத்தம் முடிந்தது. கொழும்பிலுள்ள கம்பெனி ஆபீஸ் வழியாக இன்னொரு கடிதம் போனது. பதிலே வரவில்லை. துரைசாணி பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்டால் யாருக்குத் தெரியும். தன் கடிதத்துக்குப் பதில் வராததைப் பார்த்து இந்த மனுஷனுக்கு வேண்டாம்போல என்று நினைத்திருக்கலாம். எழுதின கடிதம் கடலில் கப்பலோடு போயிருக்கலாம். எழுத எதுவும் இல்லாமலும் போயிருக்கலாம்.

லண்டன் கடிதம் திரும்பி வந்த வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தப்பால்காரர் என் அறைக்கு வருவார். உள்ளே வரமாட்டார். இறவாரத்துக்குக் கீழே, வெளியே நிற்பார். “ஒரு தடவ படிங்க” என்பார். நான் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்து, முதலில் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் சொல்வேன். ஆகாயக் கப்பல்கள் வந்த அன்று உங்கள் மகள். அந்த இடத்தில் நான் நிறுத்தியதும் அவர் முடிப்பார்.

“சின்னத் தொரையத் தூக்கிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிருப்பா. சின்னதுலருந்தே இடிச் சத்தம்னா அவளுக்கு ஆகாது.”

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, “காய்ச்சலோட படுத்திருந்திருப்பா. அந்தக் குளிரு அவளுக்கு ஒத்துக்கிடாது. எது வந்துச்சு போச்சுன்னு தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.”

ஒரு தடவை, “சோறு வடிச்சுக்கிட்டு இருந்திருப்பா. அரிசி கெடச்சிருக்கும் அன்னிக்கு” என்றார். அன்று அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அடுத்த வாரமே, “வெளிய ஓடி வந்து அண்ணாந்து பாத்திருப்பா. எதையும் பாக்காம இருக்கமாட்டா, கழுத” என்று சொல்லி, சொன்னதைத் தானே கேட்டவர்போல நின்று, என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். சில வாரங்களில் நான் படித்ததைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போவார். அந்தச் சொல்லைத் தோட்டத்தில் வேறு யாரும் வாயால் சொல்லாத காலத்தில், வாரத்துக்கு ஒரு தடவை என் இறவாரத்தில் மட்டும் அது சொல்லப்பட்டது. நான்தான் சொன்னேன். ஒரு மனுஷனுக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

ஏழெட்டு வருஷம் இப்படியே போனது. அவர் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. பையை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். முசிரிப் பக்கம் தம்பி மகன் இருக்கிறான், அங்கே போய் இருக்கிறேன் என்று புறப்பட்டார். புறப்படுகிற அன்று காலை என் அறைக்கு வந்தார். அது ஞாயிற்றுக்கிழமை இல்லை. வேலை நாளில் தோளில் பை இல்லாமல் அவரை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பை இல்லாவிட்டாலும் இடது தோள் தாழ்ந்தே இருந்தது. இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு தடவ படிங்க.”

படித்தேன். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன். அவர் முடிக்கவில்லை.

“இந்தத் தடவ நீங்க முடிங்க அய்யா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் சொல்லிட்டேன்.”

அங்கே கூட்டம் இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, மழைகூட இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான். நல்லா இருந்தா என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். செத்துட்டா, நீங்க செஞ்ச கருமாதி வீண் போகல என்றாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் அவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைக்கிறேன். அதை வாங்கிப்போகத்தான் வந்திருந்தார். எனக்கு நாக்கு எழவில்லை. பொய்யாகிவிடுமோ என்று பயமா, உண்மையாகிவிடுமோ என்று பயமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரிங்க, நான் வர்றேன்” என்று இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு இறங்கினார். பாதை வளைவு வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இப்போது உயிரோடு இருக்க நியாயமில்லை. இறந்திருந்தால் யாராவது எழுதியிருப்பார்கள், நானும் வாசலில் நின்று அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். அப்படியும் ஒன்றும் வரவில்லை.

நானும் தோட்டத்தைவிட்டு இறங்கிப் பதுளைக்கு வந்துவிட்டேன். ரயிலும் பதுளைக்கே வந்துவிட்டது. பத்திரிகைகள் பழசாகாமல் வருகின்றன. இன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், தோட்டத்திலிருந்து சாமான் வாங்க இறங்கியவள்போல ஒரு பெண் வந்து கால் ராத்தல் கொத்தமல்லி கேட்டாள். கைக்கு அகப்பட்ட தாளில் மடித்தேன். அந்தப் படம் இருந்த தாள் என்று மடித்த பிறகுதான் பார்த்தேன். அவள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்னங்க, சொரக்காயா?”

“ஆகாயக் கப்பல்மா.”

“இதுல ஆளு போவாங்களா?”

“போவாங்க. ஒலகத்தையே சுத்திட்டாங்களாம்.”

“சுத்திட்டுத் திரும்பி வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்கன்னு போட்டிருக்கு” என்றேன்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. படம் மேலே தெரியும்படி பொட்டலத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு போனாள். இன்று அந்தத் துண்டைச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தேன். அவள் தெருவைத் தாண்டும் வரை காத்திருந்து, எடுத்துத் தராசுத் தட்டில் வைத்து, கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். ஆகாயக் கப்பல்கள் வந்த அன்று உங்கள் மகள். கடையில் யாரும் இல்லை. யாரும் காத்திருக்கவும் இல்லை. அப்படியும் அடுத்த வார்த்தை வரவில்லை.